மொட்டை மாடியில் கைகர் கவுன்டர் வைத்தால் சூரியப் புயல் தெரியுமா?

கேள்வி, குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி: 30 நவம்பர் 2025, இரவு 10.12

ஏர்பஸ் செய்தி பார்த்திருப்பீர்கள். சூரியக் கதிர்வீச்சால் விமானத்தின் கம்ப்யூட்டர் குழம்புகிறதாம், ஆறாயிரம் விமானத்துக்கு சாஃப்ட்வேர் மாற்றச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு பலமான துகள் தரைக்கும் வந்துதானே ஆகணும்? கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுன்டர் கிட் ஆன்லைனில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி எங்க வீட்டு மாடியில் வைத்தால் புயல் வருவது தெரிந்துவிடும் என்பது என் கட்சி. இதற்குப் போய்க் கோடி கோடியாகச் செலவு பண்ணி செயற்கைக்கோள் எதற்கு?

1 டிசம்பர், காலை 6.20

தெரியாது. கிட் வாங்கு, சாலிடரிங் பழகும். புயல் தெரியாது.

காரணம் ஊர் இருக்கும் இடம். பூமியின் காந்தக் கோடுகள் துருவத்தில் செங்குத்தாக இறங்குகின்றன. நமக்கு மேலே கிட்டத்தட்டக் கிடையாகப் போகின்றன. மேலிருந்து வரும் புரோட்டான், அதாவது மின்னூட்டமுள்ள துகள், அந்தக் கிடைக்கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் குடியாத்தத்துக்கு வரணும். வளைத்துத் திருப்பி அனுப்பிவிடும். தென்னிந்தியாவில் இந்தத் தடை சுமார் 17 ஜிகாவோல்ட். புரோட்டான் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 16,000 எம்இவிக்கு (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) குறைவான ஆற்றலோடு நேரே இறங்கி வருகிற எதுவும் உள்ளே வராது.

அமெரிக்காவின் நோவா அமைப்பு கதிர்ப் புயலை எஸ்1 முதல் எஸ்5 வரை தரம் பிரிக்கிறது. அதற்கு எண்ணுவது 10 எம்இவிக்கு மேற்பட்ட புரோட்டான்களை. 10 எங்கே, 16,000 எங்கே. சூரியன் வெடித்துத் தள்ளுவதில் பெரும்பகுதி சில பத்து, சில நூறு எம்இவிதான்.

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் பண்ணுவார்களே, அந்தப் பட்டியலில் புரோட்டான் இல்லாத வானத்தையும் சேர்த்துக்கொள்.

1 டிசம்பர், இரவு 9.45

விமான விஷயத்தைத் தனியாகச் சொல்லணும். நாலு பேர் நாலு விதமாக எழுதிவிட்டார்கள்.

அக்டோபர் 30: மெக்சிகோவின் கான்கூனிலிருந்து நியூஆர்க் போன ஒரு ஏ320, விமானி எதுவும் செய்யாமலேயே மூக்கைக் கவிழ்த்தது. சிலருக்குக் காயம். டாம்பாவில் இறக்கினார்கள்.

நவம்பர் 11: சூரியனில் எக்ஸ்5.1 சுடர் (எக்ஸ் என்றால் ஆக வலுவான வகை). அந்த முறை வந்த புரோட்டான்கள், நம்மைவிடக் காந்தத் தடை குறைந்த இடங்களில், தரையிலுள்ள நியூட்ரான் மானிட்டர்கள் வரை தெரிந்தன. மறுநாள் காந்தப் புயலும் ஜி4 (ஐந்தில் நாலாவது படி).

நவம்பர் 28: ஏர்பஸ் அறிவிப்பு.

இப்போது எல்லாரும் 11ஆம் தேதி வெடிப்பை 30ஆம் தேதி விமானத்தின் தலையில் கட்டுகிறார்கள். பன்னிரண்டு நாள் கழித்து நடந்தது முன்னால் போய் எப்படி இடிக்கும்? அக்டோபர் 30 அன்று கோஸ் செயற்கைக்கோளின் புரோட்டான் வரைபடம் எஸ்1 கோட்டைக்கூடத் தொடவில்லை. அண்டவெளியிலிருந்து எப்போதும் வந்துகொண்டே இருக்கும் காஸ்மிக் கதிரில் ஒரே ஒரு துகள் சிப்பின் ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1 ஒன்றை, புரட்டியிருக்கலாம் என்கிற பேச்சு அதனால்தான் வந்தது. ஒரு ஒற்றைத் துகளின் வேலையை எந்தச் செயற்கைக்கோள் மீட்டரும் பிடித்துக் கொடுக்காது. மீட்டர் சொல்வது அடர்த்தியை. எந்தப் புரோட்டான் எந்த டிரான்சிஸ்டரில் விழுந்தது என்பதை அது சொல்லாது.

2 டிசம்பர், மதியம் 1.30

"17 ஜிகாவோல்ட் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார் ஆரணி வாத்தியார். ஊட்டிக்குப் போங்க சார். டாடா ஆராய்ச்சி நிலையத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் கிரேப்ஸ்-3 அங்கே இருக்கிறது. மியூவான் (காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாகித் தரை வரை வரும் துகள்) பிடிக்கும் பகுதி மட்டுமே 560 சதுர மீட்டர். அவர்கள் கட்டுரையிலெல்லாம் இந்த எண் வரும். 2015 ஜூன் 22ஆம் தேதி இரண்டு மணி நேரம் மியூவான் எண்ணிக்கை எகிறியதைப் பிடித்தார்கள். அன்று சூரியன் வீசிய மின்னூட்டத் துகள் மேகம் ஒன்று வந்து மோதிக் காந்தக் கவசம் கொஞ்ச நேரம் பலவீனமானது, தடையின் உயரம் இறங்கியது, வழக்கமாகத் திரும்பிப் போகிற துகளில் கொஞ்சம் உள்ளே வந்தது என்று விளக்கம் கொடுத்தார்கள்.

ஆகவே தம்பியின் எண்ணம் முழுக்க அபத்தம் என்று சொல்ல மாட்டேன். தரையிலிருந்தும் பார்க்கலாம். ஆனால் அவனுடைய கைகர் ட்யூப் சுண்டுவிரல் பருமன். அவர்களுடையது 560 சதுர மீட்டர்.

கணக்கு போடுங்கள். கிட்டில் வரும் சாதாரண எஸ்பிஎம்-20 ட்யூப் நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து எண்ணும். பெரும்பகுதி நம் கருங்கல்லிலிருந்தும் செங்கல்லிலிருந்தும் வரும் காமா கதிர். 25 எண்ணினால் தற்செயல் ஏற்ற இறக்கமே 5. ஒரு மணி நேரம் கூட்டினால் 1,500க்கு ஏறக்குறைய 39, அதாவது இரண்டரை சதவீதம். பெரிய புயலில்கூட நம் பக்கம் காஸ்மிக் கதிர் ஒன்றிரண்டு சதவீதம் அசைந்தால் பெரிது. அதிலும் ட்யூப் எண்ணுவதில் ஒரு பங்குதான் மியூவான். சத்தத்துக்குள் புதைந்துவிடும்.

5 டிசம்பர், இரவு 11.05

மழை. சைட் வேலை இல்லை. எழுத நேரம் இருக்கிறது.

கைகர் கவுன்டர் என்றதும் எனக்கு நினைவு வருவது எக்ஸ்ப்ளோரர்-1. 1958 ஜனவரி 31, அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள். அதில் ஜேம்ஸ் வான் ஆலன் குழு வைத்தது ஒரே ஒரு கைகர் ட்யூப். தாழ்வாகப் பறக்கும்போது எதிர்பார்த்த எண் வந்தது. தென் அமெரிக்கா பக்கம் உயரத்தில் போகும்போது பூஜ்யம். கருவி செத்துவிட்டதா? இறங்கி வந்தால் மறுபடி ஒழுங்காக எண்ணுகிறது.

மார்ச்சில் எக்ஸ்ப்ளோரர்-3 போனது. அதில் டேப் ரெக்கார்டர் இருந்ததால் முழுச் சுற்றின் கணக்கும் கிடைத்தது: ஏறுகிறது, ஏறுகிறது, திடீரென்று பூஜ்யம், பிறகு மறுபடி மேலேயிருந்து இறங்குகிறது. குழுவில் கார்ல் மக்கில்வெய்ன் அதே மாதிரி ட்யூபை ஆய்வகத்தில் எக்ஸ்ரே முன்னால் வைத்து வெளுத்து வாங்கினார். பூஜ்யம் வந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு ட்யூபுக்கு மூச்சு வாங்க ஒரு சின்ன இடைவெளி தேவை. அது முடியுமுன் அடுத்தது, அடுத்தது என்று விழுந்தால் எந்தத் துடிப்பும் எண்ணத்தக்க உயரத்துக்கு எழும்பாது. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி படியில் ஒருத்தனை நிறுத்தித் தலை எண்ணச் சொன்னால், கூட்டம் உச்சிக்குப் போகிற நேரத்தில் அவன் நோட்டில் ஒன்றும் இருக்காது. அந்த மாதிரி. பூஜ்யம் காட்டிய இடத்தில் இருந்தது கதிர்வீச்சு வளையம். இன்று வான் ஆலன் வளையம் என்று பாடப் புத்தகத்தில் இருப்பது.

6 டிசம்பர், காலை 7.10

நேற்று எழுதிப் படுத்த பிறகு கோலார் தங்க வயல் நினைவு. வட ஆற்காட்டில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே ஒரு தாத்தா உண்டு. எங்களுக்கும் உண்டு. அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர் வேலை.

அந்தச் சுரங்கத்தில் டாடா ஆராய்ச்சி நிலையக்காரர்கள் மியூவான் எண்ணினார்கள். கீழே போகப் போக எண்ணிக்கை குறையும். 1960களின் தொடக்கத்தில் ஆகக் கீழே வைத்துப் பார்த்தபோது வாரக் கணக்கில் ஒன்றுகூட விழவில்லை. இந்தப் பூஜ்யம் நிஜப் பூஜ்யம். மேலே இருந்த பாறை அத்தனையையும் தின்றுவிட்டது. இவ்வளவு சத்தமில்லாத இடம் என்றால், எத்தனை பாறையையும் துளைத்து வரும் நியூட்ரினோவைப் பிடிக்கலாமே என்று யோசித்தார்கள். 1965இல் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயத்தை உலகத்திலேயே முதலில் பார்த்த இரண்டு குழுக்களில் ஒன்று அது. இன்னொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில்.

ஒரே எண், இரண்டு இடம். மீட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மேல் என்ன மூடியிருக்கிறது, எவ்வளவு வேகமாக எண்ண முடியும் என்று தெரியாமல் அது காட்டும் எண்ணை வைத்து ஒன்றும் பேச முடியாது. தம்பி முதலில் கேட்டதற்கு என் பதிலே இதுதான்.

தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்காதீர்கள். "டப்பா வச்சிகினு பம்பாய்க்காரனுங்க உட்கார்ந்திருப்பானுங்க" என்பார். அவ்வளவுதான்.

6 டிசம்பர், மாலை 4.00

இல்லை, டிம்பர் என்றால் மரக்கடை இல்லை. சுரங்கம் சரியாமல் கட்டை முட்டுக்கொடுப்பது.

13 டிசம்பர், இரவு 8.50

"சரி, செயற்கைக்கோளில் இருப்பதும் கைகர் ட்யூப்தானா?" நல்ல கேள்வி. இப்போது பெரும்பாலும் இல்லை.

வேகமான துகளுக்கு சிலிக்கான் வில்லைகள். மெல்லியது முன்னால், தடித்தது பின்னால், அடுக்காக. துகள் முதல் வில்லையில் கொஞ்சம் ஆற்றல் இழக்கும், மீதியை அடுத்ததில். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் வந்தது புரோட்டானா, ஹீலியமா, இன்னும் கனமானதா என்று பிரித்துவிடலாம். கைகருக்கு அந்த வித்தை கிடையாது. எது விழுந்தாலும் ஒரே டிக்.

மெதுவான துகளுக்கு, அதாவது சூரியக் காற்றுக்கு, வளைந்த இரண்டு உலோகத் தகடு. இடையில் வோல்டேஜ். குறிப்பிட்ட ஆற்றலுள்ள அயனி மட்டும் வளைவில் சுவரில் இடிக்காமல் வெளியே வரும். வோல்டேஜை மாற்ற மாற்ற வேறு ஆற்றல். எல்லாவற்றையும்விட எளிமையானது ஃபாரடே கப்: ஒரு உலோகக் கிண்ணம், முன்னால் வலை, விழுகிற மின்னோட்டத்தை அள. 2015இல் போன டிஸ்கவர் விண்கலத்தில் இருப்பது அது.

அதன் அண்ணன் ஏஸ், 1997. ஏஸில் இருக்கிற சூரியக் காற்றுக் கருவி தகடு வகை. பெரிய புரோட்டான் புயல் வந்தால் வேகமான புரோட்டான்கள் சுவரையே துளைத்து டிடெக்டரில் விழுந்து எண்ணிக்கையைக் கெடுத்துவிடும். 2003 அக்டோபர் கடைசியில் நடந்தது இதுதான். புயலை அளக்கப் போன கருவிக்குப் புயல் நேரத்தில் கண் தெரியவில்லை.

14 டிசம்பர், காலை 9.15

நேற்று விட்டது. என் மாடியிலும் ஒரு சமாச்சாரம் உண்டு. தம்பியை மட்டும் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

பழைய நோவா-15, 18, 19 செயற்கைக்கோள்களின் மேகப் படத்தைப் பல வருஷம் காட்பாடியில் என் வீட்டு மாடியில் பிடித்திருக்கிறேன். இரண்டு அலுமினியக் குழாய், ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டர், 120 டிகிரி கோணத்தில் விரித்து பிவிசி பைப்பில் கட்டியது. துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில். ரேடியோ அலையை லேப்டாப்புக்குள் கொண்டுவர ஒரு ஆர்டிஎல் டாங்கிள். 137 மெகாஹெர்ட்ஸில் டிக்-டாக் டிக்-டாக் என்று வரும், விநாடிக்கு இரண்டு வரியாகப் படம் இறங்கும். இலங்கை முதலில், பிறகு நம்ம கிழக்குக் கரை, கடைசியில் இமயமலைப் பக்கம் இரைச்சலில் கரையும். கீழ் வீட்டம்மா "இன்னாத்துக்குப்பா ஆன்டனா, கேபிள் கட்டிட்டானா?" என்று கேட்டதுண்டு.

அதே செயற்கைக்கோள்களில் மின்னூட்டத் துகள் கருவியும் இருந்தது. ஒரு கண் மேலே பார்க்கும், இன்னொன்று பக்கவாட்டில். 30 கேஇவி (எம்இவியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கேஇவி) எலக்ட்ரானிலிருந்து நூறு எம்இவி தாண்டிய புரோட்டான் வரை. நாங்கள் பிடித்த படத்தில் அந்த எண் வராது, அது வேறு வழியில் இறங்கியது. ஆனால் பின்னாளில் அந்தத் துகள் வரைபடத்தைப் பார்த்தபோது உறைத்தது: 800 கிலோமீட்டருக்கு மேலே, ஒரே சுற்றில், துருவம் பக்கம் போகும்போது கொட்டுகிறது, பிரேசில் பக்கம் கொட்டுகிறது, இந்தியாவுக்கு மேலே கிட்டத்தட்ட வெறுமை. தம்பி மாடிக்கு மட்டுமில்லை, மாடிக்கு 800 கிலோமீட்டர் மேலேயும் அப்படித்தான்.

இன்னொன்று. அந்தப் புரோட்டான் டிடெக்டர்கள் அடி வாங்கி வாங்கிக் கெட்டுப்போகும். இரண்டு மூன்று வருஷத்தில், 30 கேஇவி என்று காட்டுவது உண்மையில் அதைவிடக் கூடுதல் ஆற்றலுள்ள துகளாக ஆகிவிடும். பழைய தரவை எடுத்து "துகள் குறைந்துகொண்டே வருகிறது" என்று கட்டுரை எழுதினால் கதை கந்தல்.

மூன்றையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். நோவா-15 மே 1998இல் போனது, கடைசியாக ஆகஸ்டில் அணைந்தது. குழாய் இன்னும் மாடியில் இருக்கிறது. அதிலும் துணி காய்கிறது.

14 டிசம்பர், இரவு 10.30

இஸ்ரோவின் சூரிய ஆய்வுக்கலம் ஆதித்யா எல்1 பற்றி ஏன் பேசவில்லை என்று கோபம். பேசலாம்.

2 செப்டம்பர் 2023 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, 6 ஜனவரி 2024 பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் நுழைந்தது. ஏழு கருவி. எல்லாரும் பேசுவது சூரியனைப் படம் எடுக்கும் விஇஎல்சி பற்றி. அதைச் செய்த வானியற்பியல் நிறுவனம்தான் ஜவ்வாது மலையில் நம்ம காவலூர் ஆய்வகத்தையும் நடத்துகிறது என்பதில் எனக்கும் கொஞ்சம் ஊர்ப் பெருமை உண்டு. ஆனால் இந்த இழைக்கு வேண்டியது துகள் எண்ணும் கருவிகளான ஆஸ்பெக்ஸும் பாபாவும். ஆஸ்பெக்ஸ் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் பிஆர்எல் செய்தது, பாபா திருவனந்தபுரத்தில் செய்தது. ஆஸ்பெக்ஸில் இரண்டு பகுதி: சூரியக் காற்றின் மெதுவான அயனிக்கு ஸ்விஸ், வேகமானவற்றுக்கு ஸ்டெப்ஸ். ஸ்விஸ் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு தளத்தில் 360 டிகிரியும் சுற்றிப் பார்க்கிறது. புரோட்டானையும் ஆல்ஃபாவையும், அதாவது ஹீலியம் அணுக்கருவையும், தனித்தனியாக எண்ணும். வழக்கமான சூரியக் காற்றில் ஆல்ஃபா சில சதவீதம்தான். அது திடீரென்று ஏறினால், வந்திருப்பது சாதாரணக் காற்றில்லை, சூரியன் பிய்த்து வீசிய மேகத்தின் ஒரு துண்டு என்று அர்த்தம்.

எல்1 இங்கிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். காற்று விநாடிக்கு 400 கிலோமீட்டர் என்றால் அங்கே தொட்டு ஒரு மணி நேரத்தில் நம்மைத் தொடும். 800 என்றால் அரை மணி. நமக்குக் கிடைக்கிற உறுதியான முன்னறிவிப்பு அவ்வளவுதான். சூரியனில் வெடித்ததைப் பார்த்து இரண்டு நாள் முன்பே சொல்வது வானிலை ஆய்வு மையம் "ஓரிரு இடங்களில்" என்று சொல்கிற ரகம்.

கதிர்ப் புரோட்டானுக்கு அந்த அரை மணியும் கிடையாது. 50 எம்இவி புரோட்டான் நேராக வந்தால் சூரியனிலிருந்து பூமிக்கே அரை மணி நேரத்துக்குள். எல்1இல் தெரிந்ததும் இங்கே வந்ததும் கிட்டத்தட்ட ஒரே நேரம்.

19 டிசம்பர், இரவு 9.20

இந்த இழையில் நான் உண்மையில் எழுத நினைத்தது இது. சுற்றிச் சுற்றி வந்துவிட்டேன்.

என் தொழில் சர்வே. சென்டிமீட்டர் வரை இடம் காட்டும் டிஜிபிஎஸ், அதன் நடமாடும் பாதியான ரோவர், டோட்டல் ஸ்டேஷன், புல எண், உட்பிரிவு. 2024 மார்ச்சில் வாலாஜா பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு வேலை. பகலில் லாரி விடாது, ராத்திரி பண்ணுங்கள் என்றார்கள். அசையாமல் நிற்கும் பாதியான பேஸ் ஒரு கல்வெர்ட்டின் மேல், ரோவரைத் தூக்கிக்கொண்டு பையன் முன்னால் நடக்கிறான். ஏழரை வரை பச்சை, ஃபிக்ஸ் (இடம் உறுதி), பிழை ஒன்றரை சென்டிமீட்டர். எட்டுக்கு மேல் ஃப்ளோட் (இடம் உறுதியில்லை). நாற்பது சென்டிமீட்டர். ஒரு நிமிஷம் பச்சை, மறுபடி ஆரஞ்சு.

"இன்னாண்ணா, வந்துகினு போய்கினு இருக்குது" என்றான் பையன். ரோவர் கம்பத்தை ஆட்டாமல் பிடி என்று அவனைத் திட்டினேன். பாவம், கம்பத்தின் மட்டக் குமிழ் நடுவிலேயே நின்றது. மரம் இல்லை, கட்டடம் இல்லை, வானம் மொத்தமும் திறந்திருக்கிறது. கன்ட்ரோலரில் செயற்கைக்கோள் வட்டத்தைத் திறந்து பார்த்தேன். எண்ணிக்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேற்கே இருந்தவற்றின் சிக்னல் வலு 45லிருந்து 28க்கு, மறுபடி 44க்கு, சில விநாடிக்குள் குதித்தது. கிழக்கே இருந்தவை அசையவில்லை. முக்கால் மணி கழித்து உச்சியில் இருந்தவை ஆட ஆரம்பித்தன, மேற்கு அடங்கியது. அதற்கப்புறம் கிழக்கு. ஏதோ ஒன்று மேற்கிலிருந்து கிழக்கே எங்கள் தலைக்கு மேலே நகர்ந்து போகிறது. நள்ளிரவுக்குப் பிறகு எல்லாம் பச்சை, ஒன்றுமே நடக்காத மாதிரி.

மறுநாள் வேலை கொடுத்த இன்ஜினியர் கருவிக் கோளாறு என்று எழுதினார். வாடகைக் கருவி, திருப்பி அனுப்பி, காலிப்ரேஷன் செலவு என் கணக்கில். கருவி சரியாக இருக்கிறது என்று சான்றிதழோடு திரும்பி வந்தது. பணம் திரும்பி வரவில்லை.

போனது பிளாஸ்மா குமிழி. பொழுது சாய்ந்ததும், வானத்தின் உயரத்தில் மின்னூட்டமுள்ள அடுக்கான அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதி மளமளவென்று காலியாகும், மேல்பகுதி அப்படியே நிற்கும். அதே நேரத்தில் காந்த நடுக்கோட்டுப் பக்கம் மின்புலம் கொஞ்சம் வலுத்து மொத்த அடுக்கையும் மேலே தூக்கும். கனமானது மேலே, லேசானது கீழே என்று நிற்க முடியாது, கீழே இருக்கும் வெறுமை குமிழியாகக் கிளம்பி மேலே துளைத்துக்கொண்டு போகும். காந்தக் கோட்டின் வழியே வடக்கு தெற்காக நீளும், கிழக்கே நகரும். ஜிபிஎஸ் சிக்னல் அதற்குள் வரும்போது சிதறி மினுங்கும். நம் பக்கம் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபரில் அதிகம். சூரியன் உச்சத்தில் இருக்கும் வருஷங்களில் இன்னும் அதிகம். அன்றைக்குப் புயல் எதுவும் தேவையில்லை. சும்மா ஒரு நல்ல மாலைப் பொழுதே போதும்.

தம்பி, இங்கே விண்வெளி வானிலை என்றால் இதுதான். புரோட்டான் மழையை நினைத்துப் பயப்பட வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு ஃப்ளோட் வந்தால் பையனைத் திட்டாமல் இருந்தால் போதும்.

20 டிசம்பர், காலை 6.45

இதை அளக்கிற செயற்கைக்கோளும் உண்டு. நேற்றே எழுதியிருக்கணும். 2019 ஜூனில் போன காஸ்மிக்-2, தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய ஆறு. நிலநடுக்கோட்டுக்கு 24 டிகிரி சாய்வில்தான் சுற்றுகின்றன, அதாவது நம்மைப் போன்ற ஊர்களுக்காகவே. அவற்றில் அயனியின் அடர்த்தி, வெப்பநிலை, நகரும் வேகம் மூன்றையும் பார்க்கும் கருவி இருக்கிறது. குமிழிக்குள் நுழைந்தால் அடர்த்தி சடாரென்று விழும்.

தரையிலிருந்து பார்க்க காதங்கி ரேடார், திருப்பதி போகிற வழியில். சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டோடுதான் இருந்தது என்பதால் அதையும் நம்ம ஜில்லா கணக்கில் எழுதிவிடலாம். ஆந்திராக்காரர்கள் சண்டைக்கு வந்தால் நான் ஊரில் இல்லை.

20 டிசம்பர், இரவு 9.00

ஆரணி வாத்தியார்: "அப்படியென்றால் 2024 மே 10 புயலில் நமக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? ஜி5 ஆச்சே."

அதுதான் வேடிக்கை சார். அமெரிக்காவில் மக்காச்சோளம் விதைக்கிற பருவம், டிராக்டரின் ஜிபிஎஸ் தடுமாறி விதைப்பையே நிறுத்தினார்கள். லடாக்கின் ஹான்லேயில் புயலால் வானில் தோன்றிய செவ்வொளி கேமராவில் விழுந்தது. நமக்கு முக்கிய அடி விழுந்தது 11ஆம் தேதி விடியற்காலை, அயனி மண்டலம் சரியாக உருவாகாத நேரம். இஸ்ரோவே அப்படித்தான் சொன்னது. அதே அடி மாலை ஆறு மணிக்கு விழுந்திருந்தால் வேறு கதையாக இருந்திருக்கலாம். செயற்கைக்கோள்கள் மட்டும் தப்பவில்லை: காற்றுமண்டலம் உப்பி இழுத்ததில், நாளுக்கு 300 மீட்டர் இறங்குகிற இஓஎஸ்-07 அன்று 600 மீட்டர் இறங்கியது.

நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் எப்போதும் பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1859 செப்டம்பர் புயலில் கொலாபா காந்த ஆய்வகத்தின் பதிவில் காந்தப் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு) விழுந்தது. அது பம்பாய். துருவம் இல்லை.

26 டிசம்பர், காலை 8.10

தம்பி கிட் வாங்கிவிட்டான்! முந்தாநாள் இரவு அவன் போட்ட வரைபடம்: நிமிடத்துக்கு 23ஆக இருந்தது 41க்கு ஏறி, இரண்டு மணி நேரத்தில் இறங்கியிருக்கிறது. கூடவே அன்றைய சூரியச் சுடர் பட்டியல். "இப்ப இன்னா சொல்றீங்க?"

மழை பெய்ததா என்று மட்டும் சொல்.

26 டிசம்பர், காலை 8.40

பெய்ததாம். நல்ல மழையாம்.

அது ரேடான். பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கதிரியக்கமுள்ள ரேடான் வாயு கசிந்து காற்றில் கலக்கிறது. அது சிதைந்து உண்டாகும் ஈயம்-214, பிஸ்மத்-214 தூசியோடு ஒட்டிக்கொண்டு மிதக்கும். மழை மொத்தத்தையும் கழுவி உன் மாடியில் ஊற்றுகிறது. அரை ஆயுள் ஒன்றுக்கு 27 நிமிடம், மற்றதுக்கு 20. அதனால்தான் மழை விட்டு இரண்டு மணி நேரத்தில் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது. உன் கவுன்டர் பொய் சொல்லவில்லை, நன்றாக வேலை செய்கிறது.

நம்பிக்கை இல்லையென்றால்: அடுத்த மழை விட்டதும் கார் பானெட்டையோ தகரக் கூரையையோ ஒரு டிஷ்யூ பேப்பரால் துடைத்து, மடித்து, ட்யூபுக்குப் பக்கத்தில் வை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண். எடுத்த பிறகு கை கழுவு.

4 ஜனவரி 2026, மாலை 6.30

டிஷ்யூ சோதனை செய்திருக்கிறான். 112, 88, 71, 59, 50. அழகான இறக்கம். சுடர் பட்டியலை எடுத்துவிட்டான், நல்ல பையன்.

இப்போது மியூவான் மட்டும் வேண்டும் என்கிறான். இன்னொரு ட்யூப் வாங்கு. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வை, நடுவில் ஒரு ஈயத் தகடு. இரண்டும் ஒரே கணத்தில் அடித்தால் மட்டும் எண்ணுகிற மாதிரி ஒரு ஆண்ட் கேட். சுவரிலிருந்து வரும் காமா இரண்டிலும் ஒரே நேரத்தில் அடிப்பது அபூர்வம், மியூவான் இரண்டையும் துளைத்துப் போகும். எண்ணிக்கை நிமிடத்துக்கு ஒன்று இரண்டுக்கு விழுந்துவிடும், பயப்படாதே. பிஎம்பி280 சென்சார் ஒன்றைச் சேர்த்துக் காற்றழுத்தத்தையும் கூடவே பதி. அழுத்தம் ஏறினால் மியூவான் குறையும். மாதக் கணக்கில் கூட்டினால் தெரியலாம்.

ட்யூபுக்கு 400 வோல்ட் போகிறது. ஈர மாடியில் வெறும் காலோடு நின்று பெட்டியைத் திறக்காதே.